தங்கச்சிகளுக்கு ஒரு கைதட்டு

இன்னும் வரவில்லை. கிண்டி தாண்டியாச்சு, சைதாப்பேட்டை வந்தாச்சு, பாலம் ஏறியாச்சு என்று கடை மேற்பார்வைக்காரர் சுயம்பு அண்ணாச்சி கல்யாண வீட்டில் மாப்பிள்ளை காருக்குக் காத்திருப்பவரைப் போல உள்ளுக்கும் வெளிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டத்தின் நடுவே பெண்கள் பக்கம் திரும்பி, "ஏட்டி, நிமிந்து நில்லுங்க, சீக்கு வந்த கோழி மாதிரி தொங்காதீங்க" என்று ஓர் அதட்டு. தி.நகர் துணிக்கடை வாசலில், ரோட்டிலிருந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் விரித்த சிவப்புக் கம்பளத்தின் இரண்டு ஓரமும் ஒரே நிறத்துச் சேலையில் பெண்கள் வரிசையாக நிற்க, அந்த வரிசையில் இசக்கியம்மாளும் ரோஜா இதழ் நிரம்பிய தட்டோடு நின்றாள். கடை திறந்ததிலிருந்து நிற்கிறாள். நிற்பது புதிதில்லை, தினமும் நிற்பதுதான், ஆனால் மேலே மூணாவது மாடியில் பட்டுப் பிரிவில் நிற்கும்போது குளிர்ச்சி இருக்கும், தரை வழுவழுவென்று இருக்கும், யாரும் பார்க்காதபோது ஒரு காலைத் தூக்கி மறுகால் மேல் வைத்துக்கொள்ளலாம், கொக்கு மாதிரி. இங்கே வெயில். இதழ்கள் ஓரம் கருக ஆரம்பித்துவிட்டன. வாடின பூவையா அவர் மேல் போடுவது என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொள்ள, இன்னொரு பக்கம் அவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அண்ணே, எங்கள உக்கார விட மாட்டுக்காவ. அவ்வளவுதான். நீட்டக் கூடாது. நீட்டினால் பக்கத்தில் வருகிற தடியன்கள் தள்ளிவிட்டுவிடுவார்கள். அண்ணே, எங்கள உக்கார விட மாட்டுக்காவ. மெட்ராஸ்காரர்கள் மாதிரி, விட மாட்டேங்குறாங்க என்று சொன்னால் நல்லதோ? அவருக்குப் புரிய வேண்டுமே. புரியாமலா போகும், படத்தில் நம்ம பேச்சுத்தானே பேசினார், ஏட்டி என்றார், அங்கன இங்கன என்றார், அதற்குத்தானே ஊர்க் கொட்டகையில் அந்த விசில். மாட்டுக்காவ என்றே சொல்லலாம். நம்ம ஆள். நம்ம ஆளிடம் எதற்கு வேஷம்.

வருகிறவர் செந்தூரன். பட்டுச்சேலைக்குப் புதிதாகக் கட்டிய இன்னொரு மாடியைத் திறந்து வைக்க வருகிறார். எதிரே டீக்கடை மாடியை மறைத்துக்கொண்டு அவருடைய கட் அவுட் நிற்கிறது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு மூட்டையோடு. அதன் மேல் பையன்கள் ஏறிப் பால் ஊற்றுகிறார்கள், பால் அவர் கன்னத்தில் இறங்கி மூட்டையில் வழிந்து கீழே நிற்கிற ஆட்டோக்காரர் தலையில் சொட்ட, அவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு அப்புறம் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார். சிரிக்காமல் என்ன செய்வார். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். செண்டை மேளம் நெஞ்சுக்குள் அடிக்கிறது. அடிவயிற்றில் மூத்திரம் முட்டிக்கொண்டு நிற்கிறது, போய்விட்டு வந்தால் இடம் போய்விடும், இந்த இடத்துக்காக எத்தனை பேர் சுயம்பு அண்ணாச்சியிடம் கெஞ்சினார்கள். இசக்கி கெஞ்சவில்லை. அவர் பக்கத்து ஊர்க்காரர், போன பங்குனியில் முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து இவளைக் கூட்டிவந்து இந்தக் கடையில் சேர்த்தவரே அவர்தான், வயசு கேட்டால் பத்தொன்பது என்று சொல்லணும் என்று ரயிலிலேயே சொல்லிக்கொடுத்தவர். பதினேழு என்பது அம்மாவுக்கும் அவருக்கும் இவளுக்கும் மட்டும் தெரியும். "இவ முகம் களையா இருக்கு, முன்ன நிக்கட்டும்" என்று அவரே இழுத்து நிறுத்தினார். பாவம், எதற்காக இவள் இந்த இடத்தில் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால்? தெரிந்தால் என்ன, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு தெரியட்டும். அதற்குப் பிறகு அவரும் உட்காரலாமே, அவருக்கும்தான் கால் வலி, சாயங்காலம் ஆனால் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாரே.

எதிர் வரிசையில் ஜெபராணி. தட்டைப் பிடித்துக்கொண்டு இவளையே பார்க்கிறாள். சொல்லிருவியா என்று கண்ணால் கேட்கிறாள். சொல்லிருவேன் என்று இவள் கண்ணை மூடித் திறந்தாள். ஜெபராணிக்காகத்தான் எல்லாமே. இல்லை, ஜெபராணிக்காக மட்டும் இல்லை, தனக்காகவும்தான், ராத்திரி ஹாஸ்டலில் பாயில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குகிற எல்லாருக்காகவும்தான், ஆனால் ஜெபராணிக்கு நடந்தது இருக்கிறதே. உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதும் கடையில் பிரிவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அப்புறம் அந்த ஸ்டூல் மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கினார்கள். பெட்டியை இறக்கிவிட்டு உட்கார யாருக்குத் தைரியம், மேலே கேமரா கண்ணை உருட்டிக்கொண்டு இருக்கிறது. போன வாரம் தீட்டு வலி தாங்காமல் ஜெபராணி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சும்மா கொஞ்ச நேரம். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு. கீழேயிருந்து முதலாளி போன் பண்ணினார். மறுநாள் முழுக்க அவளை லிப்ட் வாசலில் நிறுத்தி வைத்தார்கள், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லணும், சாப்பாட்டுக்கும் கடைசியாகத்தான் போகணும். நின்றாள். வணக்கம் வணக்கம் என்று சொல்லிக்கொண்டே நின்றாள். சாயங்காலம் சேலையில் கறை பட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை, வாங்க வந்த ஒரு அம்மாதான் காதில் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. காலைத் தடவிக்கொண்டே, "இது என் கால் மாதிரியே இல்லட்டி" என்றாள். அப்போதுதான் இசக்கி சொன்னாள், "நம்ம ஆளு வாராருல்லா, அவர்ட்ட சொல்லுவோம்." சுற்றிப் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் அவளுக்கு ஆச்சரியம், ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. "அவருக்குத் தெரிஞ்சா விடுவாரா" என்றாள் ஒருத்தி. அவருக்குத் தெரிஞ்சா விடுவாரா. அதையேதான் இவளும் நினைத்தாள். அவருக்குத் தெரியாது, அதனால்தான் இந்தக் கடை விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு வருகிறார், பாவம், அவருக்கு யார் சொல்வார்கள்.

அந்தப் படத்தை அம்மாவோடு பார்த்தாள். அம்மா சினிமாவுக்குப் போவதே அதிசயம், பீடி சுற்றுகிற கைக்கு ஓய்வு ஏது, ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இலை வரவில்லை, "வாட்டி போவோம்" என்று அவளே கிளம்பினாள். படத்தில் செந்தூரன் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய ஆத்தா அதே மில்லில் கூட்டிப் பெருக்குகிறவள். ஒருநாள் ஆத்தா மயங்கி விழுகிறாள், முதலாளி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறான். அவர் வருகிறார். ஒரு வார்த்தை பேசாமல் முதலாளி ரூமுக்குள் போகிறார், அந்த நாற்காலியைத் தூக்குகிறார், பெரிய நாற்காலி, யானைத்தந்தம் மாதிரி கைப்பிடி, தோளில் வைத்துக்கொண்டு மில் முற்றத்துக்கு வந்து நடுவில் போடுகிறார். "உக்காருத்தா. இனி அவனுவ நிக்கட்டும்." கொட்டகையே எழுந்துவிட்டது. அம்மா அழுதாள். சத்தமே இல்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அம்மா அழுது இசக்கி அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை, அப்பா கேரளாவுக்குப் பெயின்ட் வேலைக்குப் போய்த் திரும்பாதபோதுகூட அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பீடிதான் சுற்றினாள். அந்த அழுகையைப் பார்த்த அன்றைக்கே இசக்கி முடிவு பண்ணிவிட்டாள். என்ன முடிவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்புறம் கண்ணை மூடினால் தினமும் அவர் இவள் வீட்டுக்கு வந்தார். பத்தாவது பரீட்சையில் கணக்கு வராமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோதும் வந்தார், ரயிலில் அம்மா முகம் ஜன்னலில் பின்னால் போனபோதும் வந்தார். தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வருவார், அம்மாவின் பீடித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போடுவார், பழையதும் கருவாடும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், "யாத்தா, இவ்வளவு ருசியா நான் தின்னதே இல்ல" என்பார். முதலில் அவளைக் கல்யாணம் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்துகொண்டிருந்தார். தாலி கட்டுகிற இடம் வரைக்கும் ஒருநாள் போய்விட்டது. மறுநாள் காலையில் கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்க முடியவில்லை, ச்சீ என்று ஆகிவிட்டது, உடனே அவரை அண்ணனாக்கிவிட்டாள். அண்ணனானது ஒரு வகையில் நிம்மதி. அண்ணனிடம் எதையும் சொல்லலாம். மெட்ராசுக்கு வந்த புதிதில் ஹாஸ்டல் கக்கூஸ் வரிசையில் நின்று அழுதபோது, சாம்பாரில் புழு கிடந்தபோது, எல்லாம் அவரிடம்தான் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒருநாளும் போதும் நிறுத்து என்று சொன்னதில்லை.

மேளம் திடீரென்று வேகம் பிடித்தது. வந்தாச்சு வந்தாச்சு. தடுப்புக் கம்பிகள் முனக, ரோடே ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி கூட்டம் சாய, நடுவில் ஒரு கறுப்புக் கார் ஊர்ந்து வந்தது. கதவு திறந்தது. முதலில் ஒரு செருப்பு. வெள்ளைச் செருப்பு. அப்புறம் அவர். கட் அவுட்டை விடக் குட்டை. அது தோன்றியதும் தன்னையே கடிந்துகொண்டாள், பெரிய மனுஷனை உயரத்திலா அளப்பது. முகம் பளபளவென்று மாவு பூசின மாதிரி இருந்தது. சிரித்தார். அந்தச் சிரிப்பு அதேதான், மாற்றமே இல்லை, அதைப் பார்த்ததும் கால் வலி எங்கேயோ போய்விட்டது, மூத்திரம் முட்டுவது மறந்துவிட்டது, வெயில் போய்விட்டது. வருகிறார். முதலாளி சந்தனப் பொட்டும் வெள்ளைச் சட்டையுமாகப் பக்கத்தில் குனிந்து குனிந்து வருகிறார், படத்தில் வருகிற முதலாளி மாதிரியே, சீக்கிரம் அவர் நிற்கப் போகிறார் பாவம் என்று நினைத்தபோது இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் நின்றவள் பூப்போட்டாள். அடுத்தவள் போட்டாள். இவள் முறை. கை பூவை எடுக்கவில்லை. வாக்கியம் எங்கே? இப்போதுதானே இருந்தது. அவர் தாண்டப் போகிறார். தாண்டிவிட்டார். "அண்ணே!" என்று ஒரு சத்தம் வந்தது, யார் கூப்பிட்டது என்று அவளே திரும்பிப் பார்க்க இருந்தாள், அது அவள்தான். அவர் நின்றார். திரும்பினார். தடியன் ஒருவன் கையை நீட்ட அவர் அவனை விலக்கினார், படத்தில் விலக்குகிற மாதிரியே. குனிந்து காதைக் கொடுத்தார். சென்ட் வாசனை, பலாப்பழமும் சோப்பும் கலந்த மாதிரி. "அண்ணே, எங்கள உக்கார விட மாட்டுக்காவ. உக்காந்தா தண்டனை குடுக்காவ. நீங்கதாண்ணே சொல்லணும்." கூடவே இரண்டு வாக்கியம் எப்படி வந்ததோ வந்துவிட்டது. அவர் கண்ணை அவள் அவ்வளவு பக்கத்தில் பார்த்தாள். ஒரு நிமிஷம் அந்தக் கண்ணில் எதுவுமே இல்லை, அப்புறம் சிரிப்பு வந்தது. அவள் தலையில் கையை வைத்தார். கேமராக்கள் படபடவென்று மின்னின. "நான் பாத்துக்குறேம்மா" என்றார். நான் பாத்துக்குறேம்மா. உலகத்தில் இதை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லாரும் நீ பாத்துக்கோ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், நீ பாத்துப் போ, நீ பாத்துப் பேசு, அம்மாவ நீதான் பாத்துக்கணும்.

படிக்கட்டில் சின்ன மேடை போட்டு மைக் வைத்திருந்தார்கள். அவர் ஏறினார். முதலாளியின் தோளில் கையைப் போட்டார். குனிந்து முதலாளி காதில் ஏதோ சொன்னார். சொல்லிட்டார். அங்கேயே, அந்த இடத்திலேயே, கூட்டத்துக்கு நடுவில் சொல்லிட்டார்! முதலாளியின் முகம் சுருங்கியது, கண் வரிசையில் ஓடியது, ஒவ்வொருத்தியாகத் தாண்டி வந்து இசக்கி மேல் நின்றது. அவளுக்குப் பயமே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். பாருங்க, நான்தான், நல்லா பாருங்க. முதலாளி மறுபடி அவர் பக்கம் திரும்பி எதுவோ கேட்டார், அவர் எதுவோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்களா? சிரிக்கத்தான் செய்வார்கள், பெரிய மனுஷர்கள் சண்டை போட்டுக்கொள்கிற விதம் அப்படித்தான் இருக்கும், மேடையில் முறைத்துக்கொண்டா நிற்பார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் எப்டி இருக்கீங்க" என்றார், ஊரே கத்தியது. பட்டு என்றார், பாரம்பரியம் என்றார், எங்கம்மாவுக்கு முதல் பட்டு இங்கதான் எடுத்தேன் என்றார். குரல் அவருடையதுதான், பேச்சு வேறு. மெட்ராஸ் பேச்சு. அப்புறம் கையை நீட்டி இவர்கள் வரிசையைக் காட்டினார். "இந்தத் தங்கச்சிங்களப் பாருங்க. காலைலேருந்து நிக்கிறாங்க. மொகத்துல ஒரு சோர்வு இருக்கா? இப்பதான் ஒரு தங்கச்சி எங்கிட்ட சொல்லுச்சு. அண்ணே, நாங்க உக்காரவே மாட்டோம்ணே, கஸ்டமர்தான் எங்களுக்கு சாமி, சாமி முன்னாடி யாராவது உக்காருவாங்களா அப்டின்னு. நான் ஆடிப் போயிட்டேங்க. இதாங்க உழைப்பு. இதுதாங்க நம்ம மண்ணு. இந்தத் தங்கச்சிங்களுக்கு எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க!"

கைதட்டு வந்தது. மழை மாதிரி வந்தது, கூரையில் விழுகிற மழை மாதிரி, எதுவும் கேட்காத அளவுக்கு. விட. அந்த ஒரு சொல் எங்கே போயிற்று? உக்கார விட மாட்டுக்காவ. விட என்று சொன்னேனா? சொன்னேன். சொன்னேன்தானே? பதற்றத்தில் விழுங்கிவிட்டேனோ, மாட்டுக்காவ என்பது அவருக்கு மாட்டோம் என்று கேட்டிருக்குமோ, மெட்ராஸ்காரி மாதிரியே சொல்லியிருக்கணும், எத்தனை தடவை நினைத்தேன், பாழாய்ப்போன நாக்கு. சரி, சாமி என்று எங்கே சொன்னேன்? தண்டனை என்றேனே. தண்டனை எப்படி சாமியாகும்? நாக்குப் பிசகினாலும் தண்டனை சாமியாகாது. கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்காததால் அவராக ஏதோ நினைத்துச் சொல்லிவிட்டாரோ, இறங்கி வரும்போது மறுபடி சொன்னால், இல்லை, அவர் கண்ணைப் பார்த்தேனே, முழுசாகக் கேட்ட கண் அது, கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் ஒன்றுமே இல்லாமல் இருந்த கண். கேட்கவில்லை என்றால் முதலாளி எப்படி என்னைத் தேடினார்? பூப்போட்டவர்கள் இத்தனை பேர் இருக்க, எப்படி என் மேல் வந்து நின்றது அந்தப் பார்வை? சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. காதில் உள்ளதைக் காதில் சொல்லிவிட்டு மைக்கில் வேறொன்று. இவளுடைய வாக்கியத்தை வாங்கி, நடுவில் இருந்த ஒரு எலும்பை உருவிக்கொண்டு, தோலை மட்டும் ஊருக்குக் காட்டியாகிவிட்டது. பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தாள். "கைதட்டுட்டி, மொதலாளி பாக்காரு." வரிசையில் எல்லாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தங்களுக்குத் தாங்களே தட்டிக்கொண்டிருந்தார்கள். இசக்கி குனிந்து தட்டை வைத்தாள். நிமிர்ந்தாள். தட்டினாள். உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினாள்.

அவர் லிப்டில் ஏறி, ரிப்பன் வெட்டி, ஒரு சேலையை விரித்துப் போட்டோவுக்கு நின்று, பின்வாசல் வழியாகப் போய்விட்டார். போனது யாருக்கும் தெரியவில்லை, கூட்டம் அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று நம்பிக் கத்திக்கொண்டிருந்தது. மூணாவது மாடிக்குப் படியேறும்போது ஜெபராணி பின்னாலிருந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். கன்னமெல்லாம் ஈரம். "சொல்லிட்டியேட்டி! நம்மளப் பத்திப் பேசிட்டாருல்லா! ஊரே நமக்குக் கைதட்டிச்சு பாத்தியா!" இசக்கி அவளை விலக்கிப் பார்த்தாள். விளையாடுகிறாளோ என்று பார்த்தாள். "நான் அப்படிச் சொல்லலட்டி. உக்கார விட மாட்டுக்காவன்னுதான் சொன்னேன். தண்டனைன்னும் சொன்னேன். அவரு மாத்திட்டாரு." ஜெபராணி ஒரு நொடி நின்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிச் சொன்னா என்ன. நம்ம நிக்கோம்னு அவருக்குத் தெரிஞ்சிருச்சுல்லா. அவ்வளவு பேருக்கு முன்னால சொன்னாருல்லா. என் நெஞ்சு ஆறிப்போச்சு இசக்கி" என்றாள். நெஞ்சு ஆறிப்போச்சாம். லிப்ட் வாசலில் கறையோடு நின்றவளுக்கு ஆறிப்போச்சாம். இன்னும் எதையாவது சொல்லி அதைக் கலைக்க இசக்கிக்கு வாய் வரவில்லை. அல்லது வந்தது, ஆனால் அதற்குள் ஜெபராணி முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு மேலே ஓடிவிட்டாள், நாட்டியக்காரி மாதிரி இரண்டு இரண்டு படியாக, வீங்கின காலோடு.

பட்டுப் பிரிவின் கோடியில், உடை மாற்றுகிற அறைக்குப் பக்கத்தில், சுயம்பு அண்ணாச்சி காத்துக்கொண்டு நின்றார். முகத்தில் காலை நேரத்துப் பரபரப்பெல்லாம் வடிந்திருந்தது. "அவர்ட்ட என்ன சொன்ன?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மொதலாளி எங்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டாரு. நீ சொன்னது, தண்டனைன்னு சொன்னது, எல்லாம். அந்த மனுசனே சிரிச்சிக்கிட்டே சொன்னாராம், உங்க வீட்டுல ஒரு சின்னத் தீப்பொறி இருக்கு, பாத்துக்கோங்கன்னு." அண்ணாச்சி தூணில் முதுகைச் சாய்த்தார். "நாளையிலருந்து உனக்கு இங்கன இல்ல. கீழ, பேஸ்மென்டுல, சரக்குல வெலச் சீட்டு ஒட்டுத எடம். துணி வாங்க வாரவன் கண்ணுல பட மாட்ட." ஜன்னல் கிடையாது அங்கே, டியூப்லைட்டும் அட்டைப்பெட்டி நாற்றமும்தான், அங்கே போனவர்களில் மேலே திரும்பி வந்த யாரையும் அவள் பார்த்ததில்லை. "ஒண்ணு, அங்கன உக்காந்தே வேல பாக்கலாம்" என்றார் அவர். கிண்டலா இரக்கமா என்று பிடிபடவில்லை. ஒருவேளை இரண்டும் இல்லையோ என்னவோ, அவருக்கு அது வெறும் தகவல்தானோ என்னவோ. நான் பாத்துக்குறேம்மா. பாத்துக்கோங்க. ஒரே சொல்தான். இவளிடம் ஒரு பக்கமாகவும் முதலாளியிடம் மறுபக்கமாகவும் அதைப் போட்டிருக்கிறார். அண்ணாச்சியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "உங்கம்மா. எத்தன தடவ அடிப்பா. சுருக்கா பேசு, பிடி." உடை மாற்றுகிற அறையின் திரைக்குப் பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

திரைக்குப் பின்னால், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறையில், நாலு இசக்கிகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "ஏட்டி! டிவியில வந்தட்டி நீ!" அம்மாவின் குரல் மூச்சிரைத்தது, தெருவில் ஓடி வந்திருப்பாள். "மேல வீட்டுல போட்டு வச்சிருந்தாவ, நாங்கூட வேற யாரோன்னு பாத்தேன், தலையில கை வைக்காரு, யம்மா, சாமி வந்து தொட்ட மாதிரில்லா இருந்துச்சு! தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. இன்னைக்குத் தலைக்கு ஊத்தாதட்டி, அவரு கை பட்ட தலை, கேட்டியா?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், ஒரு குழந்தை எங்கே எங்கே என்று கேட்கிற சத்தம். "அம்மா" என்றாள் இசக்கி. "நான் அவர்ட்ட ஒண்ணு கேட்டேம்மா." சொன்னாள். ஸ்டூலைச் சொன்னாள், ஜெபராணியைச் சொன்னாள், காதில் சொன்னதைச் சொன்னாள், அவர் மைக்கில் சொன்னதைச் சொன்னாள். பேஸ்மென்டைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது, அம்மா கூட்டத்தை விட்டு எங்கோ தள்ளிப் போயிருக்க வேண்டும். "வேலைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் முதலில். "இல்ல." "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அவர்ட்ட எதுக்குப் போயி இதைச் சொன்ன? அவரு என்ன பண்ணுவாரு?"

"நீயும் நானும் பாத்தோம்லாம்மா. அவங்க ஆத்தாவ நாற்காலில உக்கார வச்சாரே."

"ஏட்டி, அது படம்லா."

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். சின்னப் பிள்ளை மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைப் பார்த்தவள் மாதிரி, கொஞ்சம் ஆச்சரியமாக, கொஞ்சம் பாவமாகச் சொன்னாள். "நீ அழுதியேம்மா" என்றாள் இசக்கி. "அழுதேன். அழுகை வந்துச்சு, அழுதேன். அதுக்காவ? வீட்டுக்கு வந்து சோறு பொங்கலையா? விடிஞ்சு பீடி சுத்தலையா? நீ நெசம்னா நெனச்சிக்கிட்டு இருந்த, இம்புட்டு நாளும்?" கண்ணாடியில் நாலு இசக்கிகளும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள். நெசம்னா நெனச்சேன். ஆமாம். அப்படியானால் நீ நினைக்கவில்லையா? கொட்டகையில் எழுந்து நின்று விசிலடித்த அந்த ஆண்கள் யாரும் நினைக்கவில்லையா? பால் ஊற்றுகிற பையன்கள்? தலையில் பால் சொட்டச் சொட்டச் சிரித்த ஆட்டோக்காரர்? அவர்களெல்லாம் அழுகிற இடத்தில் அழுதுவிட்டு, சிரிக்கிற இடத்தில் சிரித்துவிட்டு, எங்கேயோ ஒரு இடத்தில் ஒரு கோடு போட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்களா? அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று இவளுக்கு மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? அவர் ஏமாற்றியது ஒரு பக்கம் கிடக்கட்டும். அவர் யாரோ. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அழுதவள், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ஏட்டி இது சும்மாட்டி என்று சொல்லியிருக்கக் கூடாதா?

"சரி விடு" என்றாள் அம்மா. "யார்ட்டயும் சொல்லாத இதை. இங்க எல்லாரும் சந்தோசமா இருக்காவ. அவரு கை வச்சதுதான் அவுங்களுக்குத் தெரியும், அப்படியே இருக்கட்டும். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"பொய் சொல்லாத. போன வையி, பீடி எலக் கட்டு வந்து எறங்குது."

போனைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சுயம்பு அண்ணாச்சி அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, "என்ன சொல்லுதா உங்கம்மா?" என்று கேட்டார். இசக்கி கலைந்து கிடந்த ஒரு சேலையை எடுத்து மடித்தாள். "சந்தோசமா இருக்கா, அண்ணாச்சி" என்றாள். கீழே கதவைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, கூட்டம் படியேறி வருகிற சத்தம் மாடி மாடியாக மேலே வந்துகொண்டிருந்தது. முதலில் வந்த அம்மாள் வேர்த்து விறுவிறுத்துப் பட்டுப் பிரிவின் நடுவில் நின்று, அடுக்கடுக்காக இருந்த சேலைகளையும் அவற்றுக்குப் பின்னால் ஆளில்லாத இடத்தையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க யாருமே இல்லையா?" என்று கூப்பிட்டாள்.

அண்ணாச்சி இவளைப் பார்த்தார். நாளையிலிருந்துதான் பேஸ்மென்ட்.

"இருக்கேங்க்கா" என்று சொல்லிக்கொண்டு இசக்கி போனாள். குரல் எப்போதும் போலத்தான் வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.